டப்பாவும் பெயர்ச்சீட்டும் – கொஞ்சம் சரித்திரம்

வெளியூரில் பிழைக்கிற நம் வீடுகளில் இப்போது ஒரு புதுச் சாமான் சேர்கிறது. பிள்ளைகள் எட்டாம் வகுப்பு தாண்டினால் ஆர்டுயினோ பலகை ஒன்று வந்துவிடும். (இத்தாலியில் இவ்ரெயா என்ற ஊரில் 2005இல் மாணவர்களுக்காகப் பிறந்தது.) அதன் பின்னாலேயே சென்சார், ரிலே, டிஸ்ப்ளே, வைஃபை என்று தீப்பெட்டி அளவில் மாட்யூல்கள். ஆறு மாதத்தில் ஒரு ஷூ டப்பா நிறையும். எது என்ன என்று கேட்டால் வாங்கியவருக்கே தெரியாது.

இந்தச் சில்லறைச் சாமான்களை அடுக்கி வைக்கும் வேலைக்கு ஒரு நல்ல சரித்திரம் உண்டு. நான் பி.காம். படித்த வங்கிக்காரன். சர்க்யூட் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்; ஸ்டாக், லெட்ஜர், சார்ஜ் ஒப்படைப்பு, இவை தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ரேடியோ காலம். ரெசிஸ்டர் மேல் எழுத்து அச்சிட இடமில்லை. அமெரிக்க ரேடியோ உற்பத்தியாளர்கள் வண்ணத்தையே எண்ணாக்கினார்கள். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2 என்று போகும். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று மூன்று பட்டை இருந்தால் 4,700 ஓம். டப்பா கவிழ்ந்து எல்லாம் கலந்துவிட்டாலும் பிரித்துவிடலாம். சாமானின் பெயர் அதன் உடம்பிலேயே இருக்கிறதே!

அடுத்தது, எத்தனை டப்பா வேண்டும் என்ற கேள்வி. 1952இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ரெசிஸ்டர் மதிப்புகளுக்கு ஒரு வரிசை வெளியிட்டது: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. பிறகு 100, 120 என்று அதே வரிசை பத்து மடங்காகத் தொடரும். ஏன் இந்த வினோத எண்கள்? பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கும் சாமான் அது. 10 ஓம் என்பது 11 வரை ஏறலாம், 12 ஓம் என்பது 10.8 வரை இறங்கலாம். நடுவில் இன்னொரு சரக்கு செய்வது வீண். 10 ஓமில் தொடங்கி ஆறு அடுக்கு வைத்தால் 72 டிராயர் போதும். எந்தக் கடைக்காரருக்கும் பிடிக்கும் கணக்கு.

மாட்யூல் என்ற யோசனையும் புதிதல்ல. 1957இல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு பழைய கம்பளி ஆலையில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனி தொடங்கினார்கள். முதலீட்டாளர் போட்டது 70,000 டாலர். நேரடியாகக் கம்ப்யூட்டர் செய்ய அவர்கள் இறங்கவில்லை. 1958இல் ஆய்வகங்களுக்குச் சின்னச் சின்ன மாட்யூல்களாக விற்றார்கள். 1960களில் வந்த அவர்கள் மாட்யூல்களின் கைப்பிடிக்கு நிறமும் எழுத்தும் உண்டு. ஆர் என்றால் சிவப்பு, பி என்றால் நீலம், டபிள்யூ என்றால் வெள்ளை. அலமாரியைத் தூரத்திலிருந்து பார்த்தாலே எது எங்கே என்று தெரியும்.

இதே சூத்திரம் நம்மவர்களிடமும் இருக்கிறது. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சியில் தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே துவைக்கிறார்கள். சலவைத் தொழிலில் சேராங்கொட்டை மையால் துணி ஓரத்தில் குறி போடுவது பழைய வழக்கம். நூறு வெள்ளை வேட்டியும் ஒன்றுபோல இருந்தாலும் அவரவர் வேட்டி அவரவர் வீட்டுக்கு வந்து சேரக் காரணம் அந்தக் குறிதான்.

குறி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இங்கே எங்கள் தெருவில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். நாற்பது வருடச் சேகரிப்பு. பிஸ்கட் டின், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் நிறைய வால்வு, டிரான்சிஸ்டர், காயில். எதன் மேலும் ஒரு எழுத்து கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் போன மூன்றாம் மாதம் ஆக்ரிக்காரர் வந்தார் (நம்மூர் காயலான் கடைதான்). தராசில் வைத்து கிலோ விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். வீட்டார் மேல் தப்பே இல்லை. எது பொன், எது இரும்பு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது வரும் மலிவு மாட்யூல்கள் இந்த விஷயத்தில் ரெசிஸ்டரைவிட மோசம். எல்எம்2596 மாட்யூல் வோல்டேஜைக் குறைக்கும், எக்ஸ்எல்6009 மாட்யூல் கூட்டும். சிப்பின் மேல் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்காவிட்டால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 2014இல் பரவிய இஎஸ்பி8266 வைஃபை சிப் 3.3 வோல்ட்டில் ஓடுவது. 5 வோல்ட் கொடுத்தால் கெட்டுப்போகலாம். மாற்றி எடுத்தால் நஷ்டம் உங்கள் பிள்ளைக்கு.

அதனால் டப்பா வாங்குவதற்கு முன் சீட்டு எழுதச் சொல்லுங்கள். சாமானின் பெயர், என்ன வேலை செய்யும், எத்தனை வோல்ட், வாங்கிய மாதம், நாலே வரி. தமிழில் எழுதினாலும் சரி. டப்பாவுக்கு வெளியே மட்டும் ஒட்டினால் போதாது, ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒன்று இருக்கட்டும். ஸ்டாட்டிக் மின்சாரத்துக்கு வெள்ளி நிற உறைதான் தடுப்பு. இளஞ்சிவப்பு உறை தானாக மின்னேற்றம் உண்டாக்காது, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. காயின் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். மிளகு வியாபாரிக்கு ஈரம் எப்படியோ அப்படித்தான் இதற்கும்: கொச்சி மழைக்காலத்தில் பின்கள் கறுத்துவிடும். மூடி இறுகின டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியில் ஏற்றுங்கள்.

வங்கியில் மாற்றல் வந்தால் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியாது. பட்டியல் போட்டு, வருகிறவர் சரிபார்த்து, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். நம் பிள்ளைகளும் நாளை கல்லூரி, வேலை என்று ஊர் மாறப்போகிறவர்கள்தான். அந்த ஷூ டப்பா அப்போது தம்பிக்கோ தங்கைக்கோ போகவேண்டும். ஆக்ரிக்காரர் தராசுக்குப் போகக்கூடாது.