ஓட்டமெடுத்த விளையாட்டுகள்

மேலிருந்து ஒரு கல் விழும் நேரத்தை அளக்க வேண்டும். கையில் கடிகாரம் இல்லை. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிப் பார்க்கிறீர்கள். உங்கள் நண்பர் உங்களைவிட விரைவாக எண்ணுபவர். அதே கல்லுக்கு அவர் சொல்லும் எண் வேறாகத்தான் இருக்கும். கணிப்பொறி விளையாட்டுகளில் பலரைத் திகைக்க வைத்த ஒரு பழுது, இந்த எளிய உண்மையை மறந்ததால் விளைந்ததே.

1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சொந்தக் கணிப்பொறியில் 8088 என்னும் செயலி இருந்தது. அதன் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47.7 இலட்சம் துடிப்புகள். திரையிலுள்ள உருவம் அடுத்த அடி வைக்குமுன் சற்றுப் பொறுக்க வேண்டுமல்லவா? அதற்காக, விளையாட்டுகளை எழுதியவர்களில் சிலர் செயலியைச் சில ஆயிரம் வரை வெறுமனே எண்ண வைத்தனர். எல்லாரிடமும் ஒரே வேகமுள்ள பொறி இருந்தவரை தொல்லையில்லை.

1984-இல் வந்த ஏ.டி. வகைப் பொறியில் 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஒவ்வோர் ஆணையையும் அது குறைந்த துடிப்புகளிலேயே முடித்தது. எண்ணிக்கை விரைவில் தீர்ந்தது. விளையாட்டு தலைதெறிக்க ஓடியது.

பழுது எங்கே? அதே வட்டைப் பழைய பொறியில் இட்டால் ஆட்டம் ஒழுங்காக நடக்கிறது. ஆகவே வட்டு கெடவில்லை. புதிய பொறியில் மற்ற வேலைகள் சரியாக நடக்கின்றன, பொறியும் கெடவில்லை. எஞ்சுவது வேக வேறுபாடு ஒன்றே.

சில நிறுவனங்கள் பொறியின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தானை வைத்தன. பெயர் வேகத்தைக் குறித்தாலும், பழைய விளையாட்டுகளுக்காகப் பொறியை மெதுவாக்கவே அது பயன்பட்டது. நண்பரை மெதுவாக எண்ணச் சொல்வது போன்ற தீர்வு இது!

சரியான மருந்து முதற்பொறிக்குள்ளேயே இருந்தது. அதிலிருந்த 8253 என்னும் காலங்காட்டிச் சில்லு, குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்விலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை செயலிக்குக் குறிப்புத் தரும். செயலி மாறினாலும் இந்த வீதம் மாறவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தவர்களும் பிறகு இடறினர். டர்போ பாஸ்கலில் எழுதிய பல ஆணைத்தொடர்கள், இரு குறிப்புகளுக்கு இடைப்பட்ட 55 மில்லி நொடியில் செயலி எத்தனை எண்ணுகிறது என்று பார்த்து, அதை 55-ஆல் வகுத்தன. விடைக்கு ஒதுக்கிய இடத்தில் 65,535-க்கு மேல் கொள்ளாது. 1990-களின் பிற்பகுதியில், ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸை எட்டிய செயலிகளில் விடை அதைத் தாண்டியது. ஆணைத்தொடர் தொடக்கத்திலேயே நின்றது. திரையில் தோன்றியது 'பிழை 200'. பூச்சியத்தால் வகுத்தலைக் குறிக்கும் எண் அது. ஆனால் அங்கே பூச்சியமே இல்லை! பிழைச்செய்தி இடத்தைக் காட்டலாம்; காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ், புதிய கணிப்பொறியைப் பழையதுபோல் நடிக்க வைக்கிறது. ஒரு மில்லி நொடிக்கு எத்தனை ஆணைகள் என்பதை நீங்களே குறிக்கலாம். ஆட்டம் தாறுமாறாக ஓடினால் அந்த எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்தமுறை ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரம் தவறாக வந்தால், ஊசலைக் குறை சொல்லுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் எதைக் கொண்டு அளந்தோம்? அந்த அளவுகோல் மாறாததுதானா?