கிட்டார் எஃபெக்ட்ஸ் மென்பொருள்

கிட்டார் எஃபெக்ட்ஸ் மென்பொருள் என்பது மின் கிட்டாரின் ஒலியைக் கணினியிலோ கைப்பேசியிலோ மாற்றித் தரும் செயலி. பெடல், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டி ஆகியவற்றின் வேலையை இது கணக்கீட்டால் செய்கிறது. லைன் 6 நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆம்ப் ஃபார்ம் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஆம்ப்ளிட்யூப், கிட்டார் ரிக் ஆகியவை பின்னர் வந்தவை. லினக்ஸில் கட்டற்ற மென்பொருளான கிட்டாரிக்ஸ் உண்டு. இவற்றின் திரையில் உள்ள குமிழ்களின் பெயர்கள் எவ்வளவு மாறினாலும், அவை தொடுவது ஒலியின் அலை வடிவம், அளவு, அதிர்வெண், காலம் என்ற நான்கில் ஒன்றையே.

உள்ளீடும் லேட்டன்சியும்

கிட்டார் வயரை ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த துளையில் செருக வேண்டும். ‘லைன்’ துளையில் செருகினால் ஒலியின் துலக்கம் மங்கும். உள்ளீட்டு மீட்டர் 0 டெசிபெலை எட்டினால் அலையின் உச்சி வெட்டுப்படும். பிறகு எந்தக் குமிழாலும் அதை மீட்க முடியாது.

ஒலி அலையை அளந்து எடுக்கும் மாதிரிகளில், கணினி ஒரே தடவையில் கையாளும் எண்ணிக்கையே பஃபர் அளவு. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால், 256 மாதிரி கொண்ட பஃபர் சுமார் 5.3 மில்லிநொடி தாமதத்தைச் சேர்க்கும். மீட்டிய பின் ஒலி கேட்க ஆகும் மொத்தத் தாமதமே லேட்டன்சி. பஃபரைக் குறைத்தால் தாமதம் குறையும். அளவுமீறிக் குறைத்தால் கணினி ஈடுகொடுக்காமல் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும்.

அலை வடிவம்

கெயின், டிரைவ் இரண்டும் அலையை எவ்வளவு நசுக்குவது என்பதைத் தீர்மானிக்கும். லெவல், மாஸ்டர் ஆகியவை நசுங்கிய பிறகான சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். ஓவர்டிரைவ் மென்மையாகவும், டிஸ்டார்ஷன் கடுமையாகவும், ஃபஸ் ஏறத்தாழச் சதுர அலையாகும் வரையிலும் அலையை வெட்டும்.

ஒலி அளவு

கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட் என்பது அமுக்கம் தொடங்கும் எல்லை; ரேஷியோ அதன் வலிமை. எல்லை -20 டெசிபெல், ரேஷியோ 4:1 என்று வைப்போம். -8 டெசிபெலில் வரும் ஒலி எல்லையை 12 டெசிபெல் தாண்டுகிறது. அந்த 12, 3 ஆகச் சுருங்கி, ஒலி -17 டெசிபெலில் வெளிவரும். அமுக்கம் எவ்வளவு விரைவாகத் தொடங்கும் என்பதை அட்டாக்கும், எவ்வளவு விரைவாக விலகும் என்பதை ரிலீஸும் சொல்லும். நாய்ஸ் கேட், எல்லைக்குக் கீழுள்ள இரைச்சலை அடைத்துவிடும்.

அதிர்வெண்

ஈக்வலைசரில் எந்த அதிர்வெண், எத்தனை டெசிபெல் என்பவற்றோடு, எவ்வளவு அகலத்தில் என்பதைக் குறிக்கும் கியூவும் இருக்கும். கியூ கூடினால் மாற்றம் குறுகிய பகுதியிலேயே நிகழும். கேபினெட் பகுதியில் ஏற்றப்படும் ஐ.ஆர். (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பு, உண்மையான ஸ்பீக்கர் பெட்டியை மைக் வைத்து அளந்த பதிவு. அது இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் காதைக் குத்தும்.

காலம்

டிலேயில் டைம் எதிரொலிகளின் இடைவெளியையும், ஃபீட்பேக் அவை திரும்ப ஒலிக்கும் அளவையும் குறிக்கும். 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டின் நேரம் மில்லிநொடியில் கிடைக்கும்: 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) 500. ரிவெர்பில் டிகே, எதிரொலிப்பு அடங்க ஆகும் நேரம். கோரஸ், ஃபிளாஞ்சர், ஃபேசர் மூன்றிலும் ரேட் அலைவின் வேகத்தையும் டெப்த் அதன் வீச்சையும் மாற்றும். மிக்ஸ், மூல ஒலிக்கும் மாற்றிய ஒலிக்கும் உள்ள விகிதம்.

வரிசை

கேட், கம்ப்ரஸர், டிரைவ், ஆம்ப், கேபினெட், டிலே, ரிவெர்ப் என்பது பரவலான வரிசை. ரிவெர்பை டிரைவுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் குழம்பும்.

புதிதாகக் கற்பவர் ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருப்பி, எஃபெக்டை விலக்கும் பைபாஸ் பொத்தானை அழுத்தி, மாற்றிய ஒலியையும் மூல ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் கூடியதே காதுக்கு இனிமையாகப் படும் என்பதால், இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிய பிறகே முடிவெடுப்பது நல்லது.