மாநிலக் கொடி தொங்கும் சார்ம் பிரேஸ்லெட்: அமெரிக்காவில் இருக்கு, இந்தியாவில் ஏன் இல்லை?

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கையில் நீங்கள் இதைப் பார்த்திருக்கலாம். மெல்லிய வெள்ளிச் சங்கிலி. அதில் விரல்நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் தொங்கல்கள். ஒன்றில் கலிஃபோர்னியாவின் கரடி, இன்னொன்றில் டெக்சாஸின் ஒற்றை நட்சத்திரம். இதுதான் சார்ம் பிரேஸ்லெட். பிறந்த மாநிலம், படித்த மாநிலம், சுற்றிப் பார்த்த மாநிலம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொங்கல் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே மாதிரி நம்ம மாநிலக் கொடி போட்டு ஒன்று வாங்கலாமா? கடையில் கேட்டால் கிடைக்காது. காரணம் நகைக்கடையில் இல்லை, கொடியில் இருக்கிறது.

எப்போது பரவியது?

தீமை அண்டாமல் இருக்கத் தாயத்து கட்டும் பழக்கம் மிகப் பழையது. அதை அலங்கார நகையாகப் பிரபலமாக்கியவர்களில் பிரிட்டன் அரசி விக்டோரியாவும் ஒருவர். இரண்டாம் உலகப்போரில் வெளிநாடு போன அமெரிக்க வீரர்கள், வீட்டில் இருப்பவர்களுக்காகச் சின்ன நகைகள் வாங்கி வந்தார்கள். 1950-களில் இது பெரிய ஃபேஷன் ஆனது. சுற்றுலாப் போன இடத்தின் நினைவாக ஒரு தொங்கல் வாங்குவதும் வழக்கமானது.

கொடியில் என்னதான் இருக்கு?

அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தனித்தனிக் கொடி உண்டு. ஒஹாயோவின் கொடி மட்டும் நீள்சதுரமாக இருக்காது. பின்பக்கம் இரண்டாகப் பிளந்திருக்கும். ஹவாய் கொடியின் மூலையில் பிரிட்டன் கொடி இருக்கும். அலாஸ்காவின் நட்சத்திரக் கொடியை வரைந்தது பென்னி பென்சன் என்ற சிறுவன்.

எல்லாமே இப்படி இனிமையான கதை இல்லை. நியூ மெக்சிகோ கொடியில் உள்ள சிவப்புச் சூரியன், சியா பழங்குடி மக்களின் புனிதச் சின்னம். எங்களிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்களின் நீண்டகாலக் குறை. மிசிசிப்பியின் பழைய கொடியில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி இருந்தது. 2020-ல் அதை நீக்கிவிட்டு, மக்னோலியா பூ உள்ள புதிய கொடியை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டியின் பழைய பிரேஸ்லெட்டில் ஊர் நினைவாகத் தொங்கியது, இன்று ஓர் அரசியல் நிலைப்பாடாகப் பார்க்கப்படலாம். யூட்டாவும் மின்னசோட்டாவும் 2024-ல் கொடியை மாற்றிவிட்டன.

சரி, இந்தியாவில்?

இங்கே எந்த மாநிலத்துக்கும் இப்போது அதிகாரபூர்வக் கொடி கிடையாது. மாநிலங்களுக்குக் கொடி கூடாது என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் கலப்பையும் மூன்று வெள்ளைக் கோடுகளும் கொண்ட சிவப்புக் கொடி இருந்தது. 2019-ல் சிறப்பு அந்தஸ்து போனபோது அதுவும் போனது.

1970-ல் தமிழக முதல்வராக இருந்த கருணாநிதி மாநிலத்துக்குத் தனிக்கொடி வேண்டும் என்றார், நடக்கவில்லை. 2018-ல் சித்தராமையா அரசு மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில், நடுவே கண்டபேருண்டப் பறவையுடன் ஒரு கொடியை வெளியிட்டு, மத்திய அரசின் ஒப்புதலைக் கேட்டது. ஒப்புதல் வரவில்லை. கர்நாடகத்தில் நீங்கள் எங்கும் பார்க்கும் மஞ்சள் சிவப்புக் கொடி மக்கள் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி அது மாநிலக் கொடி அல்ல.

அரசுச் சின்னத்தைப் போட்டுக்கலாமா?

கவனம் தேவை. மாநில அரசின் சின்னத்தையோ முத்திரையையோ மத்திய அரசின் அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மாநிலத்தின் பூ, பறவை, விலங்கை வைத்துத் தொங்கல் செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டுக்குச் செங்காந்தள், கேரளத்துக்குக் கொன்றை, அசாமுக்கு ஒற்றைக்கொம்பு காண்டாமிருகம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

வெள்ளி என்றால் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 92.5 சதவீதம் வெள்ளி என்று அர்த்தம். தொங்கலை மாட்டும் வளையத்தைப் பற்றவைத்திருக்க வேண்டும். சும்மா வளைத்துவிட்டிருந்தால் துணியில் மாட்டி விழுந்துவிடும். கொடியின் நிறங்கள் எனாமல் பூச்சு என்றால் கீழே போடாதீர்கள், பெயர்ந்துவிடும். பழைய அமெரிக்கத் தொங்கல் என்றால், அதில் இருப்பது அந்த மாநிலத்தின் இப்போதைய கொடிதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு யாருக்கும் பரிசளியுங்கள்.