நீக்கப்பட்ட நான்காம் பிரிவு: கிளையோபிளாஸ்டோமா வகைப்பாட்டில் ‘நியூரல்’

கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுக்கட்டியை மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு வகைப்படுத்தியதன் வரலாற்றை எழுதுவோர், 2017இல் ‘கேன்சர் செல்’ இதழில் வாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வை முடிந்த தீர்ப்பாகவே கொள்கின்றனர். 2010இல் வெர்ஹாக் குழுவினர் வகுத்த நான்கு பிரிவுகளுள் ‘நியூரல்’ கட்டிக்கு உரியதன்று, மாதிரியில் கலந்த இயல்பான மூளைத் திசுவின் சாயலே அது என்று அத்தீர்ப்பு சுருக்கிச் சொல்லப்படுகிறது. புரோநியூரல், கிளாசிக்கல், மெசன்கைமல் ஆகிய மூன்றே எஞ்சின. இரண்டாம் ஆய்வையும் வழிநடத்தியவர் வெர்ஹாக்கே. மூளைத் திசுவின் சாயல் என்பது சரி. அதனாலேயே அது நோய்க்குப் புறம்பானது என்பது அவசர முடிவு.

2010 கட்டுரையில் பலர் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. 200 கட்டிகளோடு 2 இயல்பான மூளை மாதிரிகளும் ஆராயப்பட்டன. அவ்விரண்டும் நியூரல் பிரிவிலேயே விழுந்தன. பிரிவுக்கு அடிப்படையான 173 மாதிரிகளில் நியூரல் 26 மட்டுமே. நான்கில் மிகச் சிறியது அதுதான். பிரிவு பிறந்த கட்டுரையிலேயே ஐயத்துக்கும் இடம் இருந்தது. இம்மாதிரிகளைத் திரட்டிய புற்றுநோய் மரபணுத்தொகைத் திட்டம், உயிரணுக் கருக்களில் 80 விழுக்காடேனும் கட்டிக்குரியதாக இருக்கவேண்டும் என விதித்திருந்தது. ஆனால் நோயியல் வல்லுநர் நுண்ணோக்கியில் கண்டவை திசுத்துண்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சீவிய சீவல்கள். ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டது இடைப்பட்ட பகுதியிலிருந்து. கண்ட திசுவும் அளந்த திசுவும் ஒன்றல்ல.

2014இல் கில் குழுவினர் எம்.ஆர்.ஐ. படத்தில் இடம் குறித்துத் திசு எடுத்தபோது, கட்டியின் ஊடுருவும் விளிம்பு நியூரல் சாயலைக் காட்டியது. வாங் குழுவினரின் முடிவு இங்கேதான் இடறுகிறது. கட்டிக்கே உரிய மரபணுக்களைப் பிரிக்க, அவர்கள் கட்டித் திசுவை அதிலிருந்து வளர்த்த உயிரணு உருண்டைகளோடு ஒப்பிட்டனர். அவ்வளர்ப்பில் நியூரான்கள் இல்லை. நியூரானை ஒட்டியிருக்கும்போது மட்டும் கட்டி உயிரணு வெளிப்படுத்தும் பண்பு ஏதேனும் இருந்தால், அந்த ஒப்பீட்டில் அது கட்டிக்குரியதாக எஞ்சியிருக்க வாய்ப்பு குறைவு. வல்லுநர் விளிம்பில் காண்பதோ நியூரான்களைச் சுற்றித் திரளும் கட்டி உயிரணுக்களை.

கிளையோமா உயிரணுக்களோடு நியூரான்கள் சினாப்ஸ் இணைப்பு கொள்வதை 2019இல் ‘நேச்சர்’ இதழில் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. நியூரான்களின் இயக்கம் கட்டியை வளர்க்கிறது. 2024இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, டி.என்.ஏ. மெத்திலேற்றத்தில் நியூரல் சாயல் மிகுந்த கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள் குறைந்த காலமே உயிர்வாழ்வதாகக் கண்டது. மெத்திலேற்றச் சாயலும் 2010இன் ஆர்.என்.ஏ. பிரிவும் ஒன்றென நிறுவ இது போதாது. ஆயினும், வெறும் மாதிரிக் கலப்பு நோயாளியின் ஆயுளோடு தொடர்புறுவது ஏன் என்ற கேள்விக்கு 2017இன் தீர்ப்பில் விடையில்லை. ஆழ ஊடுருவிய கட்டியை முழுதும் அகற்ற முடியாமையே காரணம் எனலாம். அப்போதும் அச்சாயல் நோயின் ஊடுருவலைத்தான் காட்டுகிறது.

நியூரல் பிரிவு கைவிடப்பட்ட ஆண்டைத் திட்டமாகச் சொல்ல இயலாது. 2014இல் தளர்ந்து 2017இல் வீழ்ந்தது என்பது வரையே பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016, 2021 வகைப்பாடுகள் நோயறிதலுக்கு ஐ.டி.எச். மரபணுத் திரிபு போன்றவற்றையே சார்ந்ததால், அதிகாரபூர்வமான நீக்கத் தேதி என ஒன்றில்லை. அந்த 26 மாதிரிகளுக்கும் எண்மச் சீவல் படங்கள் கிடைக்குமளவுக்கு, நியூரான்களையும் கட்டி உயிரணுக்களையும் கணினி வழியே எண்ணி, அவற்றின் அண்மையை ஆர்.என்.ஏ. அளவுகளோடு ஒப்பிடலாம். இருவகை உயிரணுக்களும் விலகியே கிடந்தால் 2017இன் தீர்ப்பு வலுப்பெறும். பின்னிக் கிடந்தால் நான்காம் பிரிவை விளிம்பின் பெயரால் மீண்டும் எழுத வேண்டிவரும்.