அயல்மொழித் தேர்வுகளில் நியாயம் பற்றிய கருத்தின் வளர்ச்சி

மொழித் தேர்வில் நியாயம் என்னும் சிந்தனை முதலில் மதிப்பெண்ணைச் சுற்றியே எழுந்தது. பொருளியல் அறிஞர் எட்ஜ்வர்த் 1888-இல் தேர்வுகளைப் புள்ளியியல் நோக்கில் ஆராய்ந்து, ஒரே விடைத்தாளுக்குத் திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறுவதால் தேர்ச்சியில் தற்செயலுக்கும் பங்குண்டு என்று காட்டினார். ஆயினும் 1913-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்த் தேர்வு கட்டுரை, மொழிபெயர்ப்பு, இலக்கியம், ஒலியியல், வாய்மொழித் தேர்வு என ஏறக்குறைய 12 மணி நேரம் நீண்டு, முழுக்கத் திருத்துபவரின் தீர்ப்பையே நம்பி நின்றது. முதல் ஆண்டில் எழுதிய மூவரில் ஒருவரும் தேறவில்லை. எட்ஜ்வர்த் எழுப்பிய ஐயத்துக்கு அமெரிக்கர் கண்ட விடை பலவுள் தெரிவு வினா. மொழித் தேர்வு பற்றி மொழியியலாளர் ராபர்ட் லேடோ எழுதிய 1961ஆம் ஆண்டு நூலும், ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்றோருக்காக 1964-இல் நடைமுறைக்கு வந்த டோஃபல் தேர்வும் நம்பகத்தன்மையை, அதாவது எவர் திருத்தினாலும் முடிவு மாறாதிருக்கும் தன்மையை, முதன்மையாக்கின.

நம்பகத்தன்மை மட்டும் நியாயத்தை உறுதி செய்துவிடாது என்பதற்கு அதற்கு முன்பே ஆஸ்திரேலியா சான்று தந்திருந்தது. வெள்ளையரல்லாதாரை வெளிப்படையாக விலக்காமலே தடுக்கும் நோக்குடன் 1901-இல் இயற்றப்பட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதிகாரி வாசிக்கும் 50 சொற்கள் கொண்ட பகுதியை ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதிக்காட்டுமாறு வந்திறங்குவோரைப் பணித்தது. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானித்தார். வந்தவர் ஆங்கிலம் அறிந்தவரானால் அவருக்குத் தெரியாத வேறொரு மொழியில் வாசித்தால் போதும். 1909-க்குப் பின் அத்தேர்வில் எவரும் தேறவில்லை. 1934-இல், நாஜி எதிர்ப்பாளரும் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவருமான பிராக் நகர எழுத்தாளர் எகோன் கிஷ்ஷுக்கு ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் பகுதி வாசிக்கப்பட்டது. அச்சட்டத்தின் பொருளில் கேலிக் ஐரோப்பிய மொழியாகாது என்று உயர் நீதிமன்றம் கூறியதால் அவர் தப்பினார். தேர்வோ 1958 வரை சட்டத்தில் நீடித்தது. சொல்வதெழுதுதல் என்ற வகுப்பறைப் பயிற்சியில் தன்னளவில் குற்றமில்லை, பிழைகளை எண்ணுவதிலும் ஐயத்துக்கு இடமில்லை. அநீதி முழுவதும் அது பயன்பட்ட நோக்கத்தில் இருந்தது.

இந்த உண்மை கோட்பாடாக உருப்பெற நெடுங்காலம் பிடித்தது. 1981-இல் பெர்னார்ட் ஸ்போல்ஸ்கி மொழித் தேர்வின் அறம் பற்றிக் கேள்வி எழுப்பினார். 1989-இல் சாமுவேல் மெஸிக், தேர்வு முடிவுக்கு நாம் கொள்ளும் பொருள் பொருந்துகிறதா என்பதைக் குறிக்கும் ஏற்புடைமையை விரித்து, அம்முடிவால் சமூகத்தில் நேரும் விளைவுகளையும் அதனுள் சேர்த்தார்.

விளைவு வகுப்பறைக்குள்ளும் உண்டு. தேர்வு கற்பித்தலைத் திருத்தும் என்ற நம்பிக்கையில் இலங்கையில் 1988-இல் சாதாரண தர ஆங்கிலத் தேர்வு புதுப்பிக்கப்பட்டபோது, அதைத் தொடர்ந்து கவனித்த டயான் வாலும் சார்ல்ஸ் ஆல்டர்சனும், எதைக் கற்பிப்பது என்பது மாறியதே தவிர எப்படிக் கற்பிப்பது என்பது மாறவில்லை என்று 1993-இல் எழுதினர். எழுத்துத் தேர்வு வாசிப்பையும் எழுதுவதையுமே சோதித்ததால், தேர்வு நெருங்கும்போது கேட்டல் பயிற்சிகள் கைவிடப்பட்டன. ஆசிரியர்களைப் பழிப்பதற்கில்லை, பாடநூலின் நோக்கமே பலருக்குத் தெளிவாக விளக்கப்பட்டிருக்கவில்லை.

பன்னாட்டு மொழித்தேர்வுச் சங்கம் 2000-இல் வான்கூவரில் ஏற்ற அறநெறித் தொகுப்பின் 9 கோட்பாடுகளுள் முதலாவது, தேர்வெழுதும் ஒவ்வொருவரின் மனிதத்தன்மையையும் கண்ணியத்தையும் மதிக்கவேண்டும் என்பது. அடுத்த ஆண்டு வெளிவந்த நூலில் எலானா ஷோஹாமி, தேர்வுகள் அதிகாரத்தின் கருவிகளாக இயங்குவதைக் காட்டி, தேர்வெழுதுவோருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்று வாதிட்டார். அறநெறித் தொகுப்பை மீறுவோர் சங்க உறுப்புரிமையை இழக்க நேரலாம். ஆனால் குடியேற்றத்துக்கும் குடியுரிமைக்கும் மொழித் தேர்வை நிபந்தனையாக்கும் அரசுகளை அத்தொகுப்பு கட்டுப்படுத்தாது.