ஜல்லி லோடுக்கு கமிஷன் இல்ல, ஆடியோவுக்கு உண்டு! ஆப் ஸ்டோர்களோடு நம்ம ஊர் டெவலப்பர்கள் மல்லுக்கட்டுவது ஏன்?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கும் திருவக்கரையை பலருக்கும் தெரிந்திருக்கும். பௌர்ணமி என்றால் வக்ரகாளியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையான கல்மரங்கள் கிடக்கும் தேசிய பூங்காவும் இங்கேதான். சுற்றிலும் கல் குவாரிகள்.

இந்த ஊர் இளைஞர் ஒருவர் 2 ஆப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, குவாரியில் ஜல்லி லோடு புக் பண்ணும் ஆப். இன்னொன்று, கல்மரப் பூங்காவைச் சுற்றிப் பார்க்கும்போது தமிழில் கதை சொல்லும் ஆடியோ ஆப், விலை 100 ரூபாய். ஜல்லி ஆப்பில் ஆயிரக்கணக்கில் வியாபாரம் நடந்தாலும் கூகுள் ஒரு பைசா கேட்காது. 100 ரூபாய் ஆடியோவில் மட்டும் 15 ரூபாய் கேட்கும்!

ஏன் இந்த வித்தியாசம்?

கையில் பிடிக்கக்கூடிய பொருள், நேரில் கிடைக்கும் சேவை என்றால் ஸ்டோர் கட்டணம் கிடையாது. சாப்பாடு டெலிவரி, டாக்ஸி எல்லாம் இதில் அடங்கும். போனுக்குள்ளேயே முடிந்துவிடும் டிஜிட்டல் விஷயம் என்றால் கட்டணம் உண்டு. பிளே ஸ்டோரில் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம். சந்தாவாக விற்றால் 15. ஆப்பிளிலும் சின்ன டெவலப்பர்களுக்கு 15, பெரியவர்களுக்கு 30 என்பதுதான் பொதுவான கணக்கு.

சரி, கூகுள் பில்லிங் வேண்டாம், நம்ம சொந்த பேமென்ட் கேட்வே வைத்துக்கலாமே? வைக்கலாம். ஆனால் அப்போதும் கட்டணம் 4 சதவீதம்தான் குறையும். அதாவது 15 என்பது 11 ஆகும். கேட்வேக்காரருக்குத் தருவது தனி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரிசா எதுவும் மிஞ்சாது. டெவலப்பர்களின் கோபமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேட்ரிமோனி விவகாரம் என்ன?

இந்தச் சண்டையில் முன்னால் நின்றது சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம். முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனி. வரன் பார்க்கும் சந்தாவும் கூகுள் கணக்கில் டிஜிட்டல் சேவைதான்.

2022 அக்டோபரில் இந்திய போட்டி ஆணையம், பிளே ஸ்டோர் விதிகள் தொடர்பாக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் பில்லிங்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது தவறு, 'வெளியே எங்க வெப்சைட்ல பணம் கட்டலாம்' என்று பயனாளரிடம் சொல்லவிடாமல் தடுப்பதும் தவறு என்றது ஆணையம். கூகுளின் சொந்த யூடியூப்புக்கு மட்டும் இந்தக் கட்டணம் இல்லையே என்றும் சுட்டிக்காட்டியது.

அதற்குப் பிறகும் கிடைத்தது அந்த 4 சதவீதக் குறைப்புதான். இதை எதிர்த்து நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றம் போயின. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதியும், 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் மனுக்களைத் தள்ளுபடி செய்தன. போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம் இது என்பதுதான் காரணம். 2024 பிப்ரவரி 9-ல் உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தரவில்லை.

அடுத்த சில வாரங்களில், 2024 மார்ச் 1-ல், பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, குக்கு எஃப்எம் போன்ற 10 நிறுவனங்களின் ஆப்கள் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கப்பட்டன. தமிழில் இயங்கும் ஜோடி ஆப்பும் தப்பவில்லை. ஏற்கெனவே போனில் இருந்த ஆப் வேலை செய்தது. ஆனால் புதிதாக ஒருவர் தேடினால் கிடைக்காது. புது வாடிக்கையாளரை நம்பியே ஓடும் தொழிலுக்கு அது கடையின் ஷட்டரை இழுத்து மூடிய மாதிரி. (அதற்கு 2 வாரம் முன்புதான், திருவக்கரை இருக்கும் அதே வானூர் வட்டத்தில், திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டிருந்தது.)

மத்திய ஐ.டி. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 'இதை அனுமதிக்க முடியாது' என்ற தொனியில் பேச, சில நாட்களில் ஆப்கள் திரும்ப வந்தன. கட்டணம் மட்டும் போகவில்லை. மார்ச் 15-ல் போட்டி ஆணையம் புது விசாரணைக்கு உத்தரவிட்டது. பழைய அபராதத்தை தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கூகுள் தரப்பு என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட டெவலப்பர்கள் பிளே ஸ்டோரில் இருக்கிறார்கள், அதில் டிஜிட்டல் பொருள் விற்றுக் கட்டணம் தர வேண்டியவர்கள் 3 சதவீதம்தான் என்கிறது கூகுள். பாதுகாப்பு, அப்டேட், உலகம் முழுக்கக் கடை விரிக்கும் வசதி எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது என்பது அதன் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னொரு பெரிய கடை இருந்தால்தானே வாடகை சரியா என்று பேரம் பேச முடியும்? இந்தியாவில் பத்தில் ஒன்பது போனுக்கு மேல் ஆண்ட்ராய்டு.

சின்ன டெவலப்பருக்கு பணம் மட்டுமா பிரச்னை?

இல்லை. கணக்குத் தொடங்க கூகுளில் ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் வருஷா வருஷம் 99 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு கூகுளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆப்பை வெளியிடும் முன் 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் இது 12 பேராகக் குறைந்தது. பெரிய கம்பெனிக்கு இது ஒரு விஷயமே இல்லை. கிராமத்தில் தனியாக உட்கார்ந்து ஆப் செய்பவர் மாமா, சித்தி, காலேஜ் நண்பர்கள் என்று ஆள் பிடிக்க வேண்டியதுதான். நிறுவனப் பெயரில் கணக்கு தொடங்கினால் இந்தச் சோதனை இல்லை. ஆனால் டன்ஸ் எண் வாங்க வேண்டும்.

வேற வழி இருக்கா?

போன்பே 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோரைத் தொடங்கியது. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் இருக்கிறது. வெளி பேமென்ட் கேட்வே பயன்படுத்தினால் கமிஷன் கிடையாது. ஆனால் போன் வாங்கும்போதே உள்ளே இருக்கும் ஸ்டோரைத்தான் மக்கள் திறக்கிறார்கள்.

நம் திருவக்கரை இளைஞருக்கு இப்போதைக்கு இருக்கும் இன்னொரு வழி, ஆப்பே இல்லாமல் வெப்சைட்டாகப் போட்டு, பூங்கா வாசலில் ஒரு க்யூஆர் கோடு ஒட்ட அனுமதி வாங்குவது. யுபிஐ-யில் 100 ரூபாய் நேராக அவர் கணக்குக்கே வரும். அங்கே சிக்னல் கிடைக்குமா என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.