நடுவில் ஒரு வீடு!

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. கணவருக்குக் கள்ளக்குறிச்சியில் ஆபீஸ். மனைவி, கல்வராயன் மலை மேலே, வெள்ளிமலைப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சர். இரண்டுக்கும் இடையே 40 கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். கச்சிராயபாளையம் வரை சமவெளி. கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் போய்விடலாம். அதற்கப்புறம் வளைந்து வளைந்து மலை ஏறும் ரோடு.

"வீடு எங்கேண்ணே பிடிக்கிறது?" என்று கணவர் கேட்டார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னமும் நம்புகிற அப்பாவிகள் இருக்கிறார்கள்!

"இதிலென்ன யோசனை? அடிவாரத்தில் கச்சிராயபாளையம். ஆளுக்குப் பாதி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. பி.காம் படித்த புத்தி. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

மலை ஏற ஒரு மணி நேரம், கீழே கள்ளக்குறிச்சி போக அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் வீடு என்றால் அவருக்கு அரை, அவளுக்கு ஒன்று. மொத்தம் ஒன்றரை. கள்ளக்குறிச்சியிலேயே வீடு என்றால்? அவருக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு ஒன்றரை. வெள்ளிமலையில் என்றால் அப்படியே தலைகீழ். அட, மூன்றுக்கும் மொத்தம் ஒன்றரைதான்! ஒரே ரோட்டில் இரண்டு ஆபீஸ் இருந்தால், நடுவில் எங்கே குடியிருந்தாலும் குடும்பத்தின் மொத்த அலைச்சல் மாறாது. யார் அலைவது என்பதுதான் மாறும். இதில் நான் சொன்ன யோசனைக்கு மதிப்பு பூஜ்யம்.

ஆனால், மூன்றாவதாக ஒரு புள்ளி வந்தால் கதை மாறிவிடுகிறது. மூன்று புள்ளிகளிலிருந்தும் மொத்த தூரம் மிகக் குறைவாக இருக்கும் இடம் எது என்று 17-ம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புதிர் போட்டார். இத்தாலியின் டாரிசெல்லி விடை சொன்னார் (பாரோமீட்டர் கண்டுபிடித்தாரே, அவரேதான்). 1909-ல் ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மன் பொருளாதார நிபுணர், தொழிற்சாலையை எங்கே கட்டுவது என்று இதே புதிரை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். எந்தப் பக்கம் இழுப்பு அதிகமோ, அந்தப் பக்கம் போ என்பதுதான் இதன் சாரம். நம் தம்பதிக்கு ஆறு வயதில் ஒரு பையன். கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் போடுவதாக உத்தேசம். ஆக, கீழே இரண்டு பேர், மேலே ஒருத்தர். விடை கள்ளக்குறிச்சி. டீச்சரம்மாதான் தினமும் 80 கிலோமீட்டர் அலைய வேண்டும்.

இந்தத் தலைவலியெல்லாம் நம் தாத்தாக்களுக்குக் கிடையாது. நெசவாளிக்குத் தறி வீட்டுக்குள். கர்ணத்துக்கு அவர் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். வீடு ஓரிடம், வேலை ஓரிடம் என்று ஊர் ஊராகப் பிரித்துவைத்தது ரயில்தான். தினமும் போய் வருகிறவரை இங்கிலீஷில் 'கம்யூட்டர்' என்கிறோமே, அந்த வார்த்தையே 1840-களில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் விற்ற 'கம்யூட்டேஷன் டிக்கெட்'டிலிருந்து வந்தது. அன்றாடக் கட்டணங்களைச் சேர்த்து, தள்ளுபடி போட்டு மொத்தமாக வாங்கிக்கொள்வது. நம்ம ஊர் சீசன் டிக்கெட்! சென்னையில் 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்கள். 'தாம்பரத்திலிருந்து ஆபீஸுக்கா?' என்று வாயைப் பிளந்தவர்களின் பேரன்கள் இன்று செங்கல்பட்டிலிருந்து வருகிறார்கள்.

இரண்டு ஆபீஸ் விவகாரத்தில் உலக மகா ஆசாமிகள் வெள்ளைக்காரத் துரைகள்தான். வெயில் தாங்காமல், 1864-ல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் சிம்லாவைக் கோடைக்காலத் தலைநகராக்கினார். நிஜத் தலைநகர் அப்போது எங்கே? கல்கத்தாவில்! ஆயிரம் மைலுக்கு மேல். கல்கா - சிம்லா ரயிலே 1903-ல்தான் வந்தது. அதுவரை ஏறத்தாழ நாற்பது வருடம் ஃபைல் கட்டுகளும் குமாஸ்தாக்களும் கல்காவிலிருந்து மலை ரோட்டில் ஏறி இறங்கியதைக் கற்பனை செய்து பாருங்கள். இங்கே சென்னை கவர்னர்களுக்கு ஊட்டி. துரைக்கு இரண்டு ஊரிலும் மாளிகை. கூடப் போன குமாஸ்தா வீட்டு வாடகைக்கு என்ன செய்தார் என்பதை வரலாறு அதிகம் பேசுவதில்லை.

சேர்வராயன் மலையில் ஏற்காடு இருந்தது. அங்கே துரைகள் பங்களா கட்டினார்கள், காப்பி போட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் கல்வராயனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உயரம் குறைவு, போதாததற்கு மலைக்காய்ச்சல் பயம். அதனால் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் கையிலேயே மலை கிடந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் போனான், சுதந்திரம் வந்தது, குடியரசு ஆனோம். மலையில் மட்டும் ஜாகீர்தாருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் மலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது எப்போது தெரியுமா? 1976-ல்! நாம் 'ஷோலே' பார்த்துவிட்ட பிறகு!

அந்த மலையில் இருப்பவர்கள் மலையாளிகள். கேரளா இல்லை சார், மலையை ஆளுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. யார் எந்த மலைக்குப் போனார் என்பது மட்டும் மலைக்கு மலை மாறும். இவர்களுக்கும் இரண்டு வேலை இடங்கள் உண்டு. மேலே சாமையும் மரவள்ளியும் போட்ட சொந்தக் காடு. அதில் வேலை இல்லாத மாதங்களில் கேரளா, கர்நாடகா காப்பித் தோட்டங்கள். வீடு எங்கே என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்ததில்லை. மலையில்தான். எவ்வளவு தூரம் போனாலும் திருவிழாவுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.

அவர்களுக்கு அலைச்சல் எல்லாம் அரசாங்கத்தைப் பார்க்கப் போவதில்தான். ஒரு மனு கொடுக்க வேண்டுமா? தென்னார்க்காடு ஜில்லாவின் கலெக்டர் கடலூரில் உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து இறங்கி, கிட்டத்தட்ட கடற்கரை வரை போக வேண்டும். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் வந்தது. கலெக்டர் ஆபீஸ் கொஞ்சம் மேற்கே நகர்ந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். கல்வராயன் மலைக்கும் தனித் தாலுகா, வெள்ளிமலையில் தாசில்தார். மக்கள் இடம் மாறவே இல்லை. ஆபீஸ்தான் பஸ் பிடித்து மெதுவாக அவர்கள் பக்கம் வந்தது!

ஆபீஸ் வந்தால் போதுமா? ஆபீஸர் எங்கே குடியிருக்கிறார்? பரம்பரை கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஒழித்தார். ஜாதியும் வாரிசும் பார்த்துக் கிடைத்த நாற்காலி. ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், அந்த ஆள் ஊரிலேயே கிடந்தார். நடுராத்திரியிலும் கதவைத் தட்டலாம். பிறகு பரீட்சை எழுதி வந்த வி.ஏ.ஓ.வும் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்று விதி போட்டார்கள். எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அவர்களையும் சும்மா திட்டுவதற்கில்லை. அவர்கள் வீட்டிலும் பெண்டாட்டிக்கு வேறு ஊரில் வேலை, பிள்ளைக்கு வேறு ஊரில் பள்ளி. கணவன் மனைவியை முடிந்தவரை ஒரே ஊரில் போடுங்கள் என்று மத்திய அரசு 1986-லேயே ஓர் உத்தரவு போட்டது. 'முடிந்தவரை' என்ற வார்த்தைக்குள் எத்தனை குடும்பங்கள் வார விடுமுறைக்குக் காத்திருக்கின்றனவோ!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் நாடே கல்வராயன் மலை பக்கம் திரும்பிப் பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மலையில் ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்டது.

அந்தச் செய்திகளைப் படித்தபோதுதான் என் காகிதக் கணக்கில் ஓட்டை தெரிந்தது. கணவர் ஒன்று, மனைவி ஒன்று, பையன் ஒன்று என்று எழுதியிருந்தேன். மேலே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எந்த வரியிலும் சேர்க்கவில்லை. டீச்சர் கீழே குடியிருந்தால் பஸ் வந்த பிறகுதான் மலைப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம். மழையில் மண் சரிந்தால் அன்றைக்கு அதுவும் இல்லை.

வெட்கத்தோடு கணவருக்கு போன் போட்டேன். "நீங்க சொன்ன மாதிரி கச்சிராயபாளையத்தில் பார்த்தோம்ணே. இவதான் வேண்டாம்னுட்டா" என்றார்.

"ஏன்?"

"முதல் வாரமே பஸ் லேட். பிள்ளைங்க பூட்டின கதவு முன்னால வரிசையா உட்கார்ந்திருந்துச்சாம். வெள்ளிமலையிலேயே வீடு தேடுங்கன்னு ஒரே பிடிவாதம். வாடகைக்கு வீடு கிடைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"பையன்?"

"அவ ஸ்கூல்லயே ஒண்ணாங்கிளாஸ் சேர்த்துட்டோம். அதனால இப்ப நான்தான் இறங்கி ஏறுறேன்."

மேலே இரண்டு, கீழே ஒன்று. வெபர் கணக்குப்படியும் சரியாகத்தான் வருகிறது. இறங்கும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்குகிறாராம். ஏறும்போதுதான் வளைவுகளில் தூக்கம் வருவதில்லை என்கிறார்.